பழைய முதலாம் இலக்கம்

தத்துவ நூல்களிற் படித்துவிட்டு மறந்துபோகும் கேள்விகளிற் சில, என்றோ ஒருநாள் நீதிமன்றத்தின் படியேறி விடை கேட்பதுண்டு. பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிப் போன பின்னரும் ஒரு பொருள் அதே பொருள்தானா என்பது அத்தகைய கேள்விகளுள் ஒன்று. 1990ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இலண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒட்டன் அவர்கள் இதற்கு விடை கூற நேர்ந்தது. வழக்கிற்கு உட்பட்ட பொருள் ஒரு பழைய மோட்டார் வண்டி. அதற்குப் பேசப்பட்ட விலையோ ஒரு கோடி பவுண்.

ஒரு வண்டிக்கு இத்தனை பெருந்தொகையா என்று வாசகர்கள் வியக்கலாம். நாமும் வியந்தோம். ஆயினும் வழக்கின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எமது வியப்பு விலையை விட்டு நீங்கி, வேறொன்றின்மேற் சென்றது. ஒரு பொருளை ‘அதுவே இது’ என்று சொல்ல வைப்பது யாது? உலோகமா, உருவமா, உரிமைப் பத்திரமா, அன்றி நினைவா? பழைய வீட்டையும் பழைய கருவியையும் பேணி வாழும் எந்தக் குடும்பத்துக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. ஆதலின் அவ்வண்டியின் கதையை ஈண்டுச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பென்ட்லி மோட்டார் நிறுவனத்தை டபிள்யூ. ஓ. பென்ட்லி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1919இல் இலண்டனில் நிறுவினார். உறுதியும் வேகமும் ஒருங்கே அமைந்த வண்டிகளைச் செய்வதே அவரது நோக்கம். அந்நாளில் ஒரு வண்டியின் தரத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுதற்கு ஓட்டப் போட்டியைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்னும் நகருக்கு அருகே 1923இல் ஒரு புதுமையான போட்டி தொடங்கிற்று. ஊர்ச்சாலைகளை இணைத்த வட்டப் பாதையில், இரவும் பகலுமாக இருபத்துநான்கு மணி நேரம் வண்டிகள் ஓட வேண்டும். இருவர் மாறிமாறிச் செலுத்துவர். குறித்த நேரத்துள் அதிக தூரம் சென்ற வண்டிக்கே வெற்றி. வேகம் மாத்திரம் இருந்தாற் போதாது. விளக்கு அணையக் கூடாது. அச்சு முறியக் கூடாது. எண்ணெய் ஒழுகக் கூடாது. சுருங்கக் கூறின், அது ஓட்டத்தின் போட்டி மாத்திரமன்று, பொறுமையின் போட்டியுமாகும்.

இப்போட்டியிற் பென்ட்லி வண்டிகள் 1924இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தும் வென்றன. 1927இல் வென்ற வண்டி, பெரிய விபத்தொன்றிற் சிக்கிச் சிதைந்த முகப்போடு ஓடி முடித்தது. அந்த வெற்றியைக் கொண்டாட இலண்டன் சவோய் ஹோட்டலில் நடந்த விருந்துக்கு, வண்டியே விருந்தினராக மண்டபத்துள் கொண்டுவரப்பட்டது. ஓர் இயந்திரத்தை மனிதரைப் போல் மதிக்கும் பழக்கம் அந்த வட்டாரத்தில் அன்றே வேரூன்றி விட்டது என்பதற்கு இது சான்று.

வைரச் சுரங்கங்களினாற் பெருஞ் செல்வரான பார்னி பார்னாட்டோவின் மகன் வூல்ப் பார்னாட்டோ. பணமுடையில் இருந்த பென்ட்லி நிறுவனத்துக்கு 1926இற் பொருளுதவி செய்து, அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றவர் அவரே. முதலாளியாக மேசையின் பின்னே அமர்ந்துவிடாமல் தாமே சுக்கானைப் பிடித்தார். லெ மான் போட்டியில் அவர் கலந்துகொண்டது மும்முறை. மும்முறையும் அவருக்கே வெற்றி.

நமது கதையின் நாயகனாகிய வண்டி 1929இற் களமிறங்கியது. பென்ட்லி ‘ஸ்பீட் சிக்ஸ்’ என்பது அதன் வகை. ஆறு சிலிண்டர்களும் ஆறரை லீற்றர் கொள்ளளவும் உடைய எஞ்சின், நீண்ட முகப்பு, திறந்த கூடு. பிரெஞ்சு நாட்டில் மெல்லிய, இலகுவான வண்டிகளைச் செய்து புகழ்பெற்ற புகாட்டி, பென்ட்லி வண்டிகளை லொறிகளுக்கு ஒப்பிட்டு நகைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்த ‘லொறி’ 1929 யூன் மாதத்தில் லெ மானில் 2,843 கிலோமீற்றர் ஓடி வாகை சூடிற்று. பார்னாட்டோவும் சேர் ஹென்றி பேர்க்கினும் அதனைச் செலுத்தினர். முதல் நான்கு இடங்களையும் அவ்வாண்டு பென்ட்லி வண்டிகளே பெற்றன. வென்ற வண்டியின் மேல் எழுதப்பட்டிருந்த போட்டி இலக்கம் ஒன்று. அதனால் ‘ஓல்ட் நம்பர் வண்’, அதாவது பழைய முதலாம் இலக்கம், என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

மறு ஆண்டு பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் அதே வண்டியில் மீண்டும் லெ மான் சென்றனர். ஜேர்மனியின் புகழ்பெற்ற சாரதி கரச்சியோலா செலுத்திய மேர்சிடிஸ் வண்டி கடும் போட்டி கொடுத்தது. ஆனால் அது இரவோடிரவாகப் பழுதுற்று விலகிற்று. பழைய முதலாம் இலக்கம் 2,930 கிலோமீற்றர் கடந்து மீண்டும் முதலிடம் பெற்றது. ஒரே வண்டி லெ மானில் இருமுறை வென்றது அதுவே முதற் தடவை.

ஈண்டு ஓர் உண்மையை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். போட்டி வண்டி என்பது பெட்டியிற் பூட்டி வைக்கும் நகையன்று. ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் அதனைக் கழற்றிப் போடுவர். தேய்ந்ததை எறிந்து புதியதைப் பூட்டுவர். மேலான எஞ்சின் கிடைத்தால் எஞ்சினை மாற்றுவர். சட்டகம் களைத்துவிட்டதெனத் தோன்றினாற் சட்டகத்தையும் மாற்றுவர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் வல்லுநர் கூடி ஒவ்வோர் ஆணியின் வயதையும் ஆராய்வர் என்று, கைகளில் எண்ணெய் படிந்த அந்தத் தொழிலாளர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். அடுத்த போட்டியில் வெல்ல வேண்டும் என்பது ஒன்றே அவர்தம் கவலை.

வெற்றியால் விருது வரும். விற்பனை வரும் என்பது நிச்சயமன்று. உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்த காலம் அது. 1930ஆம் ஆண்டின் வெற்றியோடு பென்ட்லி நிறுவனம் போட்டிகளிலிருந்து விலகிற்று. 1931இல் நிறுவனமே கடனில் மூழ்க, ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. தாய்வீடு கைமாறிய அதே ஆண்டில், பழைய முதலாம் இலக்கம் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் திடலில் 500 மைல் போட்டியில் வென்றது. அம்முறை செலுத்தியவர்கள் ஜாக் டன்பீயும் சிரில் போலும் ஆவர்.

புரூக்லண்ட்ஸ் என்பது 1907இல் மோட்டார் ஓட்டத்துக்கென்றே கட்டப்பட்ட திடல். கொங்கிறீற்றினால் அமைந்த அதன் பாதை, வளைவுகளிற் சுவர்போல் உயர்ந்து சாய்ந்திருக்கும். 1932 செப்டெம்பரில் அங்கு நடந்த 500 மைல் போட்டிக்கு அவ்வண்டியில் எட்டு லீற்றர் எஞ்சின் பூட்டப்பட்டது. ஜாக் டன்பீ முதலிற் செலுத்தினார். பின்னர் அவருடைய தம்பி கிளைவ் சுக்கானை ஏற்றார். சிறிது நேரத்தில் வண்டி வளைவின் உச்சிக் கரையைத் தாண்டிப் பாய்ந்து மரங்களிடையே வீழ்ந்தது. கிளைவ் டன்பீ அவ்விடத்திலேயே உயிர் துறந்தார். அவர் நடிகை ஜேன் பாக்ஸ்டரை மணந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

வெற்றிகளை எண்ணி மகிழ்வோர் இந்த மரணத்தை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. ஒரு பொருளின் வரலாறு என்பது அதற்குக் கிடைத்த மாலைகளின் கணக்கு மாத்திரமன்று. அது யாரைச் சுமந்தது, யாரை இழந்தது என்பதும் அவ்வரலாறே.

நிற்க. சிதைந்த வண்டியைப் பார்னாட்டோ கைவிடவில்லை. அதனைத் திருத்தி, கூரையுடன் கூடிய சாலை வண்டியாக மாற்றுவித்தார். போட்டிக் களத்தின் புகழ்பெற்ற வீரன் சாதாரண உடை தரித்துக் கடைவீதிக்குச் செல்வது போல, அவ்வண்டி பல்லாண்டுகள் வேற்றுருவில் வாழ்ந்தது. உரிமையாளர் பலரிடம் கைமாறிற்று. அதனோடு தொடர்புடையவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். கிட்ஸ்டன் 1931இலேயே தென்னாபிரிக்காவில் விமான விபத்தில் இறந்திருந்தார். பேர்க்கின் 1933இலும், பார்னாட்டோ 1948இலும், டபிள்யூ. ஓ. பென்ட்லி 1971இலும் காலமாயினர். வண்டி மாத்திரம் எஞ்சிற்று. பிற்காலத்தில் அதற்குப் பழைய போட்டிக் கோலத்திலே திறந்த கூடு மீண்டும் அமைக்கப்பட்டது.

1990இல் அதன் அந்நாளைய உரிமையாளர் ஒரு கோடி பவுண் மதிப்பில் அதனை ஒரு நிறுவனத்துக்கு விற்க உடன்பாடு செய்தார். பின்னர் வாங்குவோர் பின்வாங்கினர். ‘நாம் வாங்க ஒப்பியது லெ மானில் வென்ற வண்டியை; இதுவோ அதுவன்று’ என்பது அவர்தம் வாதம். அவர்கள் வாதத்தில் வலுவில்லை என்று சொல்ல முடியாது. 1929இல் ஓடிய வண்டியின் உலோகம் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை. 1930இல் வென்ற வண்டியின் உறுப்புகளும் சொற்பமே இருந்தன. உலோகத்தை மாத்திரம் நிறுத்துப் பார்த்தால் வழக்கு வாங்குவோர் பக்கமே சாய்ந்திருக்கும்.

நீதிபதி உலோகத்தை மாத்திரம் நிறுக்கவில்லை. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த பாகங்களே இன்றும் இருக்கின்றன என்ற பொருளில் இது முதல்வடிவம் அன்று என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கோ கிடந்த பாகங்களைப் பொறுக்கிப் புதிதாகக் கட்டிய போலியும் அன்று என்றார். மாற்றங்கள் ஒரே நாளில் நிகழவில்லை. புதிய பாகம் ஒவ்வொன்றும், இயங்கிக்கொண்டிருந்த ஒரு முழுமையோடு வந்து சேர்ந்து அதனுள் ஒன்றிப் போயிற்று. எந்த ஒரு கட்டத்திலும் ‘இத்தோடு பழைய வண்டி மாண்டது, இங்கே புதிய வண்டி பிறந்தது’ என்று கோடு கிழிக்க இயலாது. அப்பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறு வண்டி உலகில் இல்லை. ஆதலின் இதுவே பழைய முதலாம் இலக்கம் என்று தீர்ப்பாயிற்று. உடன்பாட்டை நிறைவேற்றுமாறு வாங்குவோர் பணிக்கப்பட்டனர்.

தமிழ் மக்களாகிய நமக்கு இத்தீர்ப்பு அதிசயமாகத் தோன்றாது. நம் கோயில் தேரை எண்ணிப் பாருங்கள். வடம் நைந்தால் வடத்தை மாற்றுகிறோம். சில்லு உளுத்தாற் சில்லைப் புதிதாகச் செய்விக்கிறோம். ஒரு தலைமுறையில் ஒரு சிற்பம், மறு தலைமுறையில் ஒரு தட்டு என்று மரம் புதுப்பிக்கப்படுகிறது. ஆயினும் தேர்த் திருவிழாவன்று வீதியில் நிற்கும் முதியவர், தம் பாட்டனார் வடம் பிடித்த தேர் இதுவே என்று ஐயமின்றிக் கூறுவார். அவர் கூற்றைப் பொய் என்போர் எவருமிலர். ஆண்டுதோறும் அது ஓடியது. ஆண்டுதோறும் மக்கள் வடம் பிடித்தனர். அந்தத் தொடர்ச்சியே அதன் உயிர்.

ஆயினும் தொடர்ச்சி என்ற சொல்லின் மறைவிற் பொய்யும் புகுந்துவிடக் கூடும். அதற்கும் பார்னாட்டோவின் வாழ்விலேயே உதாரணம் உண்டு. 1930 மார்ச் மாதத்தில் அவர் பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரிலிருந்து ‘நீலப் புகையிரதம்’ என்று பெயர்பெற்ற விரைவு வண்டியோடு பந்தயமிட்டுப் புறப்பட்டார். அப்புகையிரதம் கலே துறைமுகத்தை அடையுமுன், அவர் தமது ஸ்பீட் சிக்ஸ் வண்டியிற் கடலும் கடந்து இலண்டன் சேர்ந்துவிட்டார். அந்த ஓட்டத்தை நிகழ்த்தியது அவருடைய அழகிய தாழ்கூரை வண்டி ஒன்றே எனப் பல்லாண்டுகள் உலகம் நம்பிற்று. அவ்வண்டி புகையிரதத்தோடு போட்டியிடும் காட்சியை ஓவியமாகவும் தீட்டினர். பின்னர் ஆராய்ந்தபோது, அந்த அழகிய வண்டி கட்டி முடிக்கப்பட்டதே ஓட்டம் நடந்து சில வாரங்களின் பின்னர்தான் எனத் தெரியவந்தது. உண்மையில் ஓடியது வேறொரு சாதாரணக் கூட்டு வண்டி. கதை அழகை நாடிச் சென்றது. உண்மை ஏட்டில் உறங்கிக் கிடந்தது.

இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குமிடத்து எமக்குப் புலப்படுவது இதுதான். உலோகம் மாறலாம், குற்றமில்லை. மாறியதை மறைத்தலே குற்றம்.

இதனைக் கூறும்போது எமது பெரிய தந்தையாரின் ஒஸ்ரின் ஏ-40 கார் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் நெடுங்காலம் வீதிகளை ஆண்டமைக்குக் காரணம் பழமையின் மேற் கொண்ட மோகம் மாத்திரமன்று. வேறு வழியில்லாமையும் ஆகும். 1990இல் தொடங்கிய தடைக் காலத்திற் பெற்றோல் கிடையாது. உதிரிப் பாகமும் கிடையாது. சிறு போத்தலிற் சேமித்த பெற்றோலில் சில துளி விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பெரிய தந்தையாரும் அப்படியே செய்தார். காரின் கதவுப் பிடி ஊர்க் கடைச்சல் பட்டறையிற் பித்தளையாற் செய்யப்பட்டது. முன் ஆசனம் பழைய லொறியிலிருந்து வந்தது. 1995 ஒக்டோபர் இடம்பெயர்வின்போது, எமது பாட்டியாரையும் இரண்டு அரிசி மூடைகளையும் சாவகச்சேரிக்குச் சுமந்து சென்றது அந்தக் கார்.

போர் ஓய்ந்த பின் கொழும்பிலிருந்து பழைய கார் சேகரிப்பவர் ஒருவர் அதனை வாங்க வந்தார். நல்ல விலையே சொன்னார். பித்தளைப் பிடியை நீக்கலாம், ஆசனத்தை மாற்றலாம், எஞ்சினின் அருகே பெற்றோற் போத்தலைத் தாங்குவதற்கு அடித்திருந்த தகரப் பிடியைக் கழற்றி எறியலாம், 1950களிற் கப்பலில் வந்திறங்கிய கோலத்துக்கே காரைக் கொண்டுவந்துவிடலாம் என்று விளக்கினார். பெரிய தந்தையார் அவரைத் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிட்டு எம்மைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, உந்தத் தகரத்தைக் கழட்டிப் போட்டு வித்தால், நான் வேறை ஆற்றையோ காரை வித்த மாதிரித்தான்.” கார் விற்கப்படவில்லை.

அவர் காலமான பின் அவருடைய பெட்டியில் ஒரு பாடசாலைக் கொப்பி இருந்தது. எந்த ஆண்டில் எந்தப் பாகம் மாறியது, யார் செய்து கொடுத்தார், என்ன விலை என்பன யாவும் அதில் நிரையாக எழுதப்பட்டிருந்தன. சில இடங்களிற் பணம் வாங்காமல் உதவிய தொழிலாளரின் பெயர்களுக்குக் கீழே கோடிட்டிருந்தார். கார் இப்பொழுது அவருடைய மகளிடம் இருக்கிறது. கொப்பியும் காரினுள்ளேயே இருக்கிறது.

இதனால், பழைய பொருளைப் பழைய கோலத்துக்கு மீட்பது தவறென்று நாம் வாதிக்கவில்லை. பழைய முதலாம் இலக்கத்தையும் அப்படித்தான் மீட்டனர். திறந்த கூடும் நீண்ட முகப்புமாக அது நிற்பதைக் காணும் மாணவன் ஒருவன், 1929ஆம் ஆண்டின் லெ மான் இரவைத் தன் மனக்கண்ணில் எளிதிற் காண்பான். அதுவும் ஒரு பயனே. ஆனால் அவனுக்கு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டி கூரையுடன் பல்லாண்டுகள் சாதாரணச் சாலைகளில் ஓடியது. இதன் எஞ்சினும் சட்டகமும் மாறின. இதிற் கிளைவ் டன்பீ என்னும் இளைஞன் இறந்தான். இவற்றைச் சொல்லாமல் வெற்றியை மாத்திரம் காட்டினால், நாம் அவனுக்குக் காட்டுவது வண்டியன்று, விளம்பரப் படம்.

சட்டத்தின் கண்ணில் ஒரு பொருளின் உரிமையாளர் அதனை எதுவும் செய்யலாம். எனினும், தம்மினும் நீண்ட ஆயுளுடைய பொருள் கைக்கு வரும்போது, அவர் உடைமையாளர் என்பதைவிடக் கோயிற் தர்மகர்த்தாவைப் போன்றவர் என்பதே பொருந்தும். பார்னாட்டோவின் செல்வம் அவ்வண்டியை அவரிடம் நிரந்தரமாக நிறுத்தவில்லை. ஒரு கோடி பவுண் கொடுப்பவரும் சில காலம் அதற்குக் காவலிருப்பவரே. முன்னிருந்தவரிடமிருந்து பெற்றதைக் கணக்கோடு பின்வருபவரிடம் ஒப்படைப்பதே அவர் கடமை.

வாசகர்களின் வீடுகளில் ஒரு கோடி பவுண் வண்டி இராது. தையல் இயந்திரம் இருக்கலாம். சுவர்க் கடிகாரம் இருக்கலாம். போரிற் கூரை இழந்து மீண்டும் வேயப்பட்ட நாற்சார் வீடு இருக்கலாம். எது பழையது, எது புதியது, யார் திருத்தியது, ஏன் திருத்த நேர்ந்தது என்பவற்றை அறிந்த முதியவர்களும் அவ்வீடுகளில் இன்று இருக்கிறார்கள். மாணவர்களே, அடுத்த விடுமுறை நாளில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகிற் சென்று அமருங்கள்.